நாகர்கோவிலின் அந்தப் பெரிய உணவகம்: போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

வடசேரிக்காரன்:
வரும் வியாழக்கிழமை அப்பா அம்மாவுக்கு நாற்பதாவது திருமண நாள். நாகர்கோவில் நகருக்குள், வாசலில் காவலாளி சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிடும் அந்தப் பெரிய உணவகத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று ஒரு ஆசை. பெயர் வேண்டாம், இங்கே எல்லோருக்கும் தெரியும். விசாரித்தால் ஒருவர் ஆகா என்கிறார், அடுத்தவர் அந்தத் தெருப் பக்கமே போகாதே என்கிறார். அப்பா செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காதவர். அம்மா எங்கே சாப்பிட்டாலும் ‘வீட்டில் செய்தால் இதற்கு நூறு ரூபாய் ஆகாது’ என்று கணக்குச் சொல்பவர். இந்த இருவரையும் வைத்துக்கொண்டு அங்கே போகலாமா? நேரில் சாப்பிட்டவர்கள் மட்டும் சொல்லுங்கள்.

தக்கலைக்காரர்:
பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது குடும்பத்தோடு போனேன். மெனு அட்டையில் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் 380 ரூபாய் என்று பார்த்ததுமே அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். வந்தது என்னவென்றால், கறுப்புக் கல்தட்டின் நடுவில் புட்டுக்குழலில் அடைத்துத் தள்ளியது போல மூன்று விரல் உயரத்துக்குக் கிழங்கு, மேலே ஒற்றைக் கறிவேப்பிலை. மீன்கறி ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக. ‘திருவிதாங்கூரில் ஏழைகளின் பசியாற்ற விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய கிழங்கு, இப்போது கிரீடம் வைத்துக்கொண்டு வருகிறது’ என்று அப்பா சத்தமாகவே சொன்னார். பக்கத்து மேசை சிரித்தது.

நியாயமாகவும் சொல்லவேண்டும். கிழங்கு மாவாக வெந்திருந்தது. கறியில் தேங்காயைப் பதமாக வறுத்து அரைத்திருந்தார்கள். அளவுதான் கொடுமை. என் மகன் இரண்டே வாயில் முடித்துவிட்டு, ‘அடுத்தது எப்போது வரும்?’ என்று கேட்டான்.

குளச்சல்காரி:
மீன் பற்றி நான் சொல்கிறேன். என் அண்ணன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். போன ஜூன் முதல் வாரம் அங்கே போனோம். ‘இன்று காலையில் விசைப்படகில் வந்த நெய்மீன்’ என்றார் பரிமாற வந்தவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிழக்கே சின்னமுட்டம் துறைமுகத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மேற்கே குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக ஜூன் மாதத்தின் முதல் பதினான்கு நாள் குமரி மாவட்டத்தின் இரண்டு பக்கமும் விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கும். வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகிறவர்களுக்குத் தடை இல்லை. சாளை, நெத்திலி, அயிலை அவர்கள் கொண்டுவருவார்கள். ‘எந்தத் துறையில் வந்தது தம்பி?’ என்று கேட்டேன். ‘சமையலறையில் கேட்டுச் சொல்கிறேன் அக்கா’ என்று போனவர் திரும்பவே இல்லை. வேறொருவர்தான் தட்டைக் கொண்டுவந்தார்.

புது மீனைப் பிட்டால் சதை அடுக்கடுக்காக ஈரத்தோடு விலகும். அது பஞ்சைப் பிய்ப்பது போலப் பிய்ந்தது. ஐஸில் பல நாள் இருந்த மீன். ஐஸ் மீன் சாப்பிடுவது ஒன்றும் குற்றமில்லை, தடைக்காலத்தில் நாங்களும் சாப்பிடுகிறோம். அதைக் காலை மீன் என்று மீன்காரியிடமே விற்கப் பார்த்ததுதான் எரிச்சல்.

அக்டோபரில் நாத்தனார் கட்டாயப்படுத்தியதால் மறுபடியும் போனேன். நெத்திலி அவியல் கேட்டேன். புளிப்பு மாங்காய் போட்டு, தேங்காயைக் கரகரவென்று அரைத்து, தண்ணீர் ஓடாமல் வற்றவைத்து, ஒரு மீன்கூட உடையாமல் வந்தது. அந்த அடுக்களையில் எங்கள் கரையைச் சேர்ந்தவர் யாரோ இருக்கிறார் என்று வாயில் வைத்ததுமே தெரிந்தது. அந்த ஒன்றுக்காக இன்னொரு முறையும் போவேன்.

மார்த்தாண்டத்து ஆசிரியர்:
சாப்பாட்டில் குறை இல்லை, பில்லில்தான். 2,400 ரூபாய்க்குச் சாப்பிட்டோம். சேவைக் கட்டணம் பத்து சதவீதம் என்று 240 ரூபாய், அதையும் சேர்த்த தொகைக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி 132 ரூபாய், மொத்தம் 2,772. சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் ஏற்றக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர்நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. மேலாளரிடம் மெதுவாகத்தான் எடுத்துச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் 2,520 ரூபாய்க்கு வேறு பில் வந்தது. இவ்வளவு சுலபமாக எடுத்துவிடுகிறார்கள் என்றால், கேட்காமல் கொடுத்துவிட்டுப் போகிறவர்களை நம்பித்தானே போடுகிறார்கள்? எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். எனக்கு அதற்கு வேலை வரவில்லை.

தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கியதற்கும் சண்டை போட்டேன், தோற்றேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், ஓட்டல்கள் அப்படி விற்கலாம் என்று 2017-லேயே உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சாதாரணக் குடிநீர் கேட்டு வாங்குங்கள், தருகிறார்கள்.

கருங்கல்வாசி:
ஏசி குளிரில் பல் தந்தியடித்தது. ரசம் நன்றாக இருந்தது. வேறொன்றும் நினைவில்லை.

சுசீந்திரத்துப் பேத்தி:
நான் ஓணத்தன்று ஆச்சியைக் கூட்டிப்போனேன். நம் மாவட்டத்துக்கு அன்று உள்ளூர் விடுமுறை, கூட்டம் சொல்லவேண்டாம். ஆச்சிக்கு எண்பத்து நான்கு வயது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்துவிட்டது, ஆச்சியின் இலை இன்னும் இணையவில்லை. பருப்பும் நெய்யும் முதலில் வரவேண்டும், அங்கே சாம்பாருக்குப் பிறகு வந்தது. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, உதட்டை மட்டும் சுழித்தாள்.

கடைசியில் அடைப்பிரதமன் பாயசம் வந்தது. கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் கோப்பை, மேலே ஒரு அண்டிப்பருப்பு (முந்திரி), பக்கத்தில் குட்டிக் கரண்டி. ஆச்சி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, ‘மக்களே, இது மருந்தா?’ என்றாள். பரிமாறிய பையன் வடகிழக்கு மாநிலத்துக்காரன். இன்னொன்று கேட்கிறாள் என்று நினைத்து இரண்டாவது கோப்பையைக் கொண்டுவந்து வைத்தான். அதற்கும் ஆச்சி தலையை ஆட்டினாள். அவன் மூன்றாவதற்கு ஓடினான்.

அப்போதுதான் வயதான பரிமாறுபவர் ஒருவர் வந்தார். ஆச்சியின் இலையைப் பார்த்தார், கோப்பைகளைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்த் தூக்குவாளியும் கையுமாக வந்து, இலையில் ஒரு ஓரத்தை ஒதுக்கி, இரண்டு கரண்டி பிரதமனை ஊற்றினார். பப்படம் ஒன்று, மட்டிப்பழம் ஒன்று. ஆச்சி பப்படத்தை உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கினாள், நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. பழத்தை உரித்துப் பிசைந்து, விரலால் வழித்து வழித்துச் சாப்பிட்டாள். 2023-ல் நம் மட்டிப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதுகூட நான் அதை இவ்வளவு மரியாதையோடு பார்த்ததில்லை. எதிர் மேசையில் கோட்டு போட்ட ஒருவர், ‘எங்களுக்கும் அப்படியே ஊற்றுங்கள்’ என்றார். அந்தப் பையன் மூன்றாவது கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வாய்பிளந்து நின்றான்.

அந்தப் பெரியவர் பூதப்பாண்டிக்காரராம். போனால் அவர் இருக்கும் மேசைகளாகப் பார்த்து உட்காருங்கள்.

முன்னாள் பரிமாறுபவர்:
நீங்கள் சொல்லும் இடத்தில் இல்லை, அதே வகையான வேறொரு உணவகத்தில் மூன்று வருடம் பரிமாறியவன் நான். ஞாயிறு பகல் போகாதீர்கள். ஆராதனையும் திருப்பலியும் முடிந்து ஒரு மணிக்கு எல்லா மேசையும் ஒரே மூச்சில் நிரம்பும். முழுமீன் பொரிக்க இருபத்தைந்து நிமிடமாவது ஆகும், கல்லோ ஒன்றுதான். ஆர்டர் சீட்டுகள் கம்பியில் சேர்ந்துகொண்டே போகும், அடுக்களை மாஸ்டர் எங்கள்மேல் பாய்வார், நீங்களும் எங்கள்மேல் பாய்வீர்கள். காலை மீன் என்று சொல்லச் சொன்னால் சொல்லித்தான் ஆகவேண்டும், குளச்சல் அக்கா மன்னிக்கவேண்டும். சேவைக் கட்டணம் என்று வசூலான பணத்தில் ஒரு ரூபாய்கூட என் கைக்கு வந்ததில்லை.

வேலை நாளில் பன்னிரண்டரைக்குப் போங்கள். அட்டையில் ‘அன்றைய விலை’ என்று இருந்தால் எடையையும் கிலோ விலையையும் முதலிலேயே கேளுங்கள். பச்சை மீனைக் காட்டச் சொல்லலாம். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

வடசேரிக்காரன்:
போய்வந்தோம். வியாழன், பன்னிரண்டரை மணி, பாதி மேசைகள் காலி. மீனைக் காட்டச் சொன்னதும் எவர்சில்வர் தட்டில் விளமீன் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டு ஆள்காட்டி விரலால் செவுளைத் தூக்கினார், குனிந்து முகர்ந்தார். நல்ல சிவப்பு. ‘இருக்கட்டும்’ என்றார், ஏதோ சம்பந்தம் பேசி முடித்தவர் போல. பாதியைப் பொரிக்கவும் பாதியைப் புளிமுளம் குழம்பு வைக்கவும் சொன்னோம். புளி கொஞ்சம் முந்திவிட்டது என்று அம்மா சொன்னார், சொல்லிக்கொண்டே கிண்ணத்தைச் சோற்றால் துடைத்தார். அவியலில் தேங்காயெண்ணெய் வாசம் போதவில்லை என்பது இருவரும் சேர்ந்து சொன்ன குறை.

பில்லில் சேவைக் கட்டணம் இருந்தது. கேட்டதும் எடுத்தார்கள். அம்மா அந்தப் பில்லின் பின்பக்கத்தில் மீன், தேங்காய், புளி, மிளகாய் என்று எழுதிக் கூட்டிக்கொண்டே காரில் வந்தார். வடசேரி வருவதற்குள் 640 ரூபாயில் முடித்துவிட்டார்.

ராத்திரி எட்டு மணிக்கு அப்பா மெதுவாக, ‘கஞ்சி ஏதும் இருக்கிறதா?’ என்று கேட்டார். அம்மா ஏற்கெனவே அடுப்பில் வைத்திருந்தார்.