சிஏ-125 அளவு 118 என்று வந்தால் சினைப்பைக் கட்டி புற்றுநோய்தானா?

கேள்வி:
என் அக்காவுக்கு வயது 36. மாதவிலக்கு நாட்களில் தாங்க முடியாத வலி என்று ஸ்கேன் எடுத்ததில், இரண்டு சினைப்பைகளிலும் கட்டி இருப்பது தெரிந்தது. பெரியது 6 செ.மீ. ரத்தப் பரிசோதனையில் சிஏ-125 என்ற புரதத்தின் அளவு 118. 35-க்குள் இருக்க வேண்டும் என்று அருகிலேயே அச்சடித்து, 118-ஐ மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்தத் தாளைப் பார்த்ததிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. மருத்துவரைப் பார்க்க வியாழக்கிழமைதான் நேரம் கிடைத்திருக்கிறது. இந்த ஓர் எண்ணை வைத்தே புற்றுநோய் என்று முடிவு செய்துவிடுவார்களா?

பதில் 1 (ஆய்வக மருத்துவர்):
செய்ய மாட்டார்கள். சிஏ-125 புற்றுநோய் செல்கள் மட்டுமே சுரக்கும் பொருள் அன்று. வயிற்றறைச் சவ்வும் கருப்பையின் உட்படலமும்கூட அதை உண்டாக்குகின்றன. அதனால்தான் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது), கருப்பை நார்க்கட்டி, இடுப்புக்குழித் தொற்று, கல்லீரல் சுருக்கம், கர்ப்பத்தின் தொடக்க மாதங்கள் ஆகியவற்றிலும், சாதாரண மாதவிலக்கிலும்கூட அது ஏறுகிறது. ரத்தம் கொடுத்தது விலக்கு நாளிலா என்று அக்காவிடம் கேட்டு, மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சினைப்பைக் கட்டி புற்றுநோயாக இருக்கும் அபாயத்தை மதிப்பிட, 1990-இல் இயன் ஜேக்கப்ஸ் குழுவினர் வெளியிட்ட கணக்கு ஒன்று இன்றும் பயன்படுகிறது. கட்டிக்குள் பல அறைகள், திடப்பகுதி, இருபக்கக் கட்டி, வயிற்றில் நீர், வேறிடப் பரவல் ஆகிய ஐந்தில் ஒன்று ஸ்கேனில் இருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. மாதவிலக்கு நிற்காதவருக்கு 1, நின்றவருக்கு 3. இவற்றைச் சிஏ-125 அளவோடு பெருக்க வேண்டும். 200-ஐத் தாண்டினால் புற்றுநோய் அறுவை நிபுணரிடம் அனுப்புவது வழக்கம். இருபக்கம் என்பதைத் தவிர வேறெதுவும் இல்லையென்றால் உங்கள் அக்காவின் கணக்கு 118-இலேயே நிற்கிறது. மாறாக, விலக்கு நின்ற ஒருவருக்குச் சிஏ-125 வெறும் 30 என்று வந்து, ஸ்கேனில் இரண்டு அறிகுறிகள் இருந்தால் 270 ஆகிவிடும். தடித்த எழுத்து இல்லாத அந்தத் தாளைக் கண்டுதான் நான் அதிகம் கவலைப்படுவேன். முதல் நிலைப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் சிஏ-125 உயர்வதே இல்லை.

பதில் 2:
என் அம்மாவுக்கு வயிற்றில் நீர் கோத்து, சிஏ-125 பல நூறைத் தாண்டியபோது, முற்றிய புற்றுநோய் என்றே வீட்டில் எல்லோரும் நம்பிவிட்டோம். வயிற்றுச் சவ்விலிருந்து எடுத்த சதைப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாத மருந்தில் குணமானார். நம் நாட்டில் இதையும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

பதில் 3 (மகப்பேறு மருத்துவர்):
எச்.ஈ.4 என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையைப் பற்றியும் கேளுங்கள். எண்டோமெட்ரியோசிஸில் அது பெரும்பாலும் உயர்வதில்லை என்பதால் இத்தகைய குழப்பத்தில் கைகொடுக்கும். ஆனால் சிறுநீரகக் குறைபாடு இருந்தால் அதுவும் ஏறும். நாற்பது வயதுக்குட்பட்டவருக்குக் கட்டியில் திடப்பகுதி இருந்தால், ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். ஆகிய மூன்று ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்ப்போம்; கருமுட்டைச் செல்களிலிருந்து எழும் கட்டிகளைச் சிஏ-125 காட்டிக்கொடுக்காது.

சந்தேகம் தீராத கட்டியை ஊசியால் குத்தி நீர் எடுக்க யாராவது சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். உள்ளே இருப்பது புற்றுநோயாக இருந்து, அது வயிற்றுக்குள் கசிந்துவிட்டால், ஒரு பைக்குள் அடங்கியிருந்த நோயின் நிலையே மாறிவிடும். வியாழக்கிழமை ரத்த அறிக்கையோடு ஸ்கேன் படங்களையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.