புதுப்பிப்பு: நாலு புராஜெக்ட்டில் நாலு விதமாக மாறிப்போன சிமேக் ஃபைண்ட் கோப்புகள்

போன மாதம் கேட்டிருந்தேன்: சிமேக்கில் (சி++ போன்ற புராஜெக்ட்டுகளை பில்ட் செய்ய அமைத்துத் தரும் கருவி) லைப்ரரிகளைத் தேடும் அதே ஃபைண்ட் கோப்புகளை நாலு புராஜெக்ட்டிலும் காப்பி அடித்து வைத்திருக்கிறோம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் திருத்தப்பட்டுவிட்டது, எப்படி ஒரே இடத்திலிருந்து கொடுப்பது என்று. சப்மாட்யூல் (ஒரு கிட் ரெப்போவுக்குள் இன்னொன்றை இணைப்பது) போடச் சொன்னவர்களுக்கு நன்றி, ஆனால் அதை அப்டேட் செய்ய எங்கள் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியில் தனி கிட் ரெப்போ வைத்து, ஃபெட்ச்கன்டென்ட் (வெளியில் இருக்கும் கோடை இறக்கிக்கொள்ளும் சிமேக் வசதி) வழியாக இழுத்து, அந்தக் கோப்புறையை மாட்யூல் பாதையில் (ஃபைண்ட் கோப்புகளைத் தேட நாம் சிமேக்குக்குக் கொடுக்கும் கோப்புறைப் பட்டியல்) சேர்த்துவிட்டேன். பதிப்புக்கு டேக் (பெயர் ஒட்டு) போடுகிறோம், ஆனால் புராஜெக்ட்டில் எழுதுவது கமிட் ஹாஷ்தான் (அந்தக் கமிட்டின் மாறாத அடையாளம்), ஏனென்றால் டேகை யாராவது நகர்த்திவிட்டால் நேற்று ஓடிய பில்ட் இன்று ஓடாது.

சரி, இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயம் வேறு. நாம் கொடுக்கும் மாட்யூல் பாதையைத்தான் சிமேக் முதலில் பார்க்கும், சிமேக்குடனேயே வரும் கோப்புகள் அதற்கு அப்புறம்தான். அதோடு ஃபைண்ட் கோப்பு கிடைத்துவிட்டால் லைப்ரரியே தன்னைப் பற்றித் தரும் கான்ஃபிக் கோப்பைத் தேடாது. எங்கள் பழைய கோப்பு ஒன்று இப்படித்தான் லைப்ரரியின் புதிய பதிப்பை மறைத்துக்கொண்டிருந்தது!

சிமேக் 3.15 முதல் கான்ஃபிக்கை முதலில் பார்க்கச் சொல்ல ஒரு மாறி இருக்கிறது. நான் அதைத் தொடாமல், கான்ஃபிக் தரும் லைப்ரரிகளுக்கான எங்கள் கோப்புகளையே அழித்துவிட்டேன். பதினொன்றில் ஐந்துதான் மிச்சம்.