மார்கழிக் குளிரில் நாமக்கல்லிலிருந்து கோத்தகிரிக்கு ஒரு நாள் குஞ்சு: பெட்டி எப்படி இருக்கணும்?

கட்டபெட்டு_தோட்டம்:
வணக்கம். 50 நாட்டுக்கோழிக் குஞ்சு எடுக்கிறோம். மேட்டுப்பாளையம் வரை பஸ் பார்சல், அங்கிருந்து ஜீப். எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். பெட்டிக்குள் தீவனம், தண்ணீர் வைக்கச் சொல்லணுமா? குளிருக்குப் பிளாஸ்டிக் கவர் சுற்றலாமா? அமெரிக்காவில் தபாலிலேயே குஞ்சு போகிறதாமே, எப்படித் தாங்குகிறது?

பொரிப்பக_வேலை:
முட்டையை உடைத்து வருவதற்குச் சற்று முன் மிச்ச மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடும். அதுதான் அதற்குக் கட்டுச்சோறு. அதை வைத்து 72 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். 1918 முதல் அமெரிக்கத் தபாலில் குஞ்சு போவது இந்தக் கணக்கில்தான். ஆனால் 72 என்பது கடைசி எல்லை. 24 மணி நேரத்துக்குள் தண்ணீர் கண்ட குஞ்சுதான் நன்றாகத் தேறும்.

பெட்டிக்குள் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் கொட்டி, நனைந்த குஞ்சு விறைத்துவிடும். தீவனமும் தேவையில்லை.

100 குஞ்சுப் பெட்டியில் நான்கு அறை, அறைக்கு 25. உங்கள் 50-ஐ நான்கிலும் பரப்பினால் ஒன்றின் சூடு ஒன்றுக்குக் கிடைக்காது. பக்கத்துப் பக்கத்து இரண்டு அறையில் 25 வீதம் போடச் சொல்லுங்கள். அடியில் வைக்கோலோ சொரசொரப்பான அட்டையோ இருக்கட்டும். செய்தித்தாள் வழுக்கும், கால் விரிந்து முடமாகும்.

பிளாஸ்டிக் கவர் கூடவே கூடாது. மலைக்கு வரும் குஞ்சைக் குளிர் கொல்வதைவிட, குளிருக்குப் பயந்து அடைக்கிற மூடிதான் அதிகம் கொல்லும். மூச்சின் ஈரம் மூடியில் வேர்த்துச் சொட்டும், காற்றும் இல்லாமல் போகும். மேலே ஒரு சாக்குப் போடுங்கள். இரண்டு பக்கத் துளைகளாவது திறந்தே இருக்கணும்.

மலைப்பாதை_வண்டி:
மேலே சொன்னது சரி. பஸ்ஸில் பின் டிக்கியில் ஏற்ற விடாதீங்க, டீசல் புகை அங்கே சேரும். இரவு ஏற்றி விடியலில் மேட்டுப்பாளையத்தில் இறக்கினால், வெயில் வந்த பிறகு மலையேறலாம். ஜீப்பில் பெட்டியைச் சமமாகக் கட்டுங்க. சாய்ந்தால் 25-ம் ஒரே மூலைக்குச் சரிந்து, அடியில் கிடப்பது நசுங்கும்.

குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும்போது திறந்து பாருங்க. கீச்சுக் கீச்சென்று உரக்கக் கத்தினால் குளிர். வாயைத் திறந்து, இறக்கையை விரித்திருந்தால் சூடு. ஒரு குஞ்சின் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்க, சில்லென்று இருந்தால் ரப்பர் வெந்நீர்ப் பையைச் சாக்கில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே ஒரு பக்கம் வைக்கணும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக் கொண்டுவராதீங்க, நீலகிரியில் அதற்குத் தடை.

கொட்டகை_அம்மா:
வந்து சேரும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன் தம்பி. புரூடரை (குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் பல்பு அமைப்பு) ஆறு மணி நேரம் முன்பே போட்டு வையுங்கள், தரையும் சூடேறணும். சிமெண்ட் தரை என்றால் உமி மூன்று அங்குலம். குஞ்சின் உயரத்தில் தெர்மாமீட்டர் 33 முதல் 35 டிகிரி காட்டணும். தகரமோ அட்டையோ வட்டமாக வளையுங்கள், மூலை இருந்தால் முண்டியடித்துச் சாகும். எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்பு 60 வாட் நான்கு வேண்டும். சமவெளியில் இரண்டு போதும்.

முதலில் தண்ணீர். கொதித்து ஆறிய வெதுவெதுப்பான ஒரு லிட்டரில் 50 கிராம் வெல்லம். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒரு முறை நனைத்து விடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மக்காச்சோளக் குருணை. மறுநாள் பின்புறம் எச்சம் ஒட்டி அடைத்திருந்தால் பிய்க்கக் கூடாது, தோலோடு வரும். வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடையுங்கள்.

கட்டபெட்டு_தோட்டம்:
நன்றிங்க அம்மா. கரண்ட் போனால்?

கொட்டகை_அம்மா:
மண்சட்டியில் கரி நெருப்பு. வெளியே மூட்டி, புகை அடங்கிக் கனலான பிறகு உள்ளே வையுங்கள். சுற்றிக் கம்பி வலை. கூரையோரம் ஒரு சாண் திறந்தே இருக்கணும், கரி நெருப்பிலிருந்து வரும் விஷக்காற்றுக்கு (கார்பன் மோனாக்சைடு) வாசனை கிடையாது. மேரெக்ஸ் (கோழியின் கால், இறக்கையை முடக்கும் வைரஸ் நோய்) தடுப்பூசி போட்டார்களா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.