மறு: நிறமாலையா, நிறைமாலையா? (சமையல் எண்ணெய் செய்முறைக் கையேடு)

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை கையேடு அச்சகத்துக்குப் போகிறது. நான்காம் பக்கத்தில் mass spectrum என்பதற்கான தமிழ்ச் சொல்லுக்கு இன்னும் இடம் விட்டு வைத்திருக்கிறேன், அதனால்தான் இழையில் வந்த மறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: போன வாரம் செய்முறை வகுப்பில் நல்லெண்ணெயை எடுத்துக்கொண்டோம். சில துளி எண்ணெய், மெத்தனால், கொஞ்சம் காரம். சூடாக்கினால் கொழுப்பு அமிலங்கள் கிளிசராலை விட்டு மெத்தில் எஸ்டர்களாகிவிடும். கலவையைத் தனித்தனியாகப் பிரிக்கும் வண்ணப்பிரிகைக் குழாயில் அவை ஒவ்வொன்றாக வெளியே வரும்போது எலக்ட்ரான் மோதி உடைக்கிறது, துண்டுகளின் நிறைக்கு ஏற்பக் கணினி கோடு போடுகிறது. உடையாத முழு மூலக்கூறின் நிறை ஸ்டியரிக் எஸ்டருக்கு 298, ஒலியிக்குக்கு 296, லினோலியிக்குக்கு 294. ஒரு இரட்டைப் பிணைப்பு கூடினால் இரண்டு ஹைட்ரஜன் குறையும், அவ்வளவுதான் கணக்கு. அச்சிட்ட தாளைக் கையில் வாங்கிய மாணவி கேட்டாள்: "மேடம், நிறமாலைன்னு போட்டிருக்கு, நிறம் எங்கே?" தாள் முழுக்கக் கறுப்புக் கோடுகள்தான்.

அவள் கேட்டது நியாயம். 1919இல் ஆஸ்டன் என்ற இங்கிலாந்து அறிவியலாளர் நிறைவாரியாகப் பிரிக்கக் கட்டிய கருவியில் அயனிகள் ஒளிப்படத் தகட்டில் கோடு கோடாக விழுந்தன. பார்க்க ஒளியின் நிறமாலை போல இருந்ததால் அந்தப் பெயரே இதற்கும் வந்து ஒட்டிக்கொண்டது. நாமும் அதை அப்படியே 'பொருண்மை நிறமாலை' என்று மொழிபெயர்த்துவிட்டோம். எனக்கு 'நிறைமாலை' போதும். நிறைகள் வரிசையாகக் கோத்த மாலை. தாளில் இருப்பதும் அதுதான்.

> நிறைமாலை வினைத்தொகையாகவும் விரியும். நிறைமதி போல நிறைந்த, நிறைகின்ற, நிறையும் மாலை. பொழுதா பூவா என்றும் தெரியாது.

ஐயா, விரியும்தான், மறுக்கவில்லை. ஆனால் 'பொருண்மை' மட்டும் மயக்கம் தராத சொல்லா? மொழியியல் துறைக்குப் போனால் பொருண்மையியல் என்பது சொற்பொருளைப் பற்றிய படிப்பு. எண்ணெய் ஆய்வகத்தில் மாலை என்றால் யாரும் அந்திப்பொழுதை நினைக்கப் போவதில்லை.

> கொழுப்பு கொச்சை. சங்கச் சொல்லான நிணம் இருக்க, 'நிண அமிலம்' என்று ஏன் சொல்லக்கூடாது? எண்ணெய் என்பதே எள்+நெய். 'தேங்காய் எண்ணெய்' பிழை, 'தேங்காய் நெய்' என்க.

எள்+நெய் எண்ணெயாகும் புணர்ச்சியை நானும் ஆசையாகப் பாடம் நடத்துகிறவள். பழைய நூல்களில் நெய் என்ற சொல் பசுநெய், எண்ணெய் இரண்டையும் குறித்தது என்பதும் சரி. ஆனால் செக்கடியில் போய்த் தேங்காய் நெய் கேட்டால் என்ன தருவார்கள்? எள்ளை விட்டு அந்தச் சொல் எப்போதோ வெளியே வந்துவிட்டது, மண்ணெண்ணெய் வரைக்கும் போயிருக்கிறது. நிணம் போர்க்களத்து ஊனோடு வருகிற சொல், தேங்காய்க்கு ஒட்டாது.

> காப்ரிக், காப்ரைலிக் என்ற கொழுப்பு அமிலப் பெயர்கள் இரண்டும் லத்தீனில் ஆட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தவை. அவை தேங்காய் எண்ணெயிலும் இருக்கின்றன, யாரும் ஆட்டைத் தேடவில்லை. நிறமாலையில் மட்டும் நிறத்தை ஏன் தேட வேண்டும்?

இந்த இழையிலேயே என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இந்தக் கேள்விதான். காப்ரிக்கில் ஆடு இருப்பது நம் பிள்ளைகளின் காதில் விழாது, அவர்களுக்கு அது வெறும் பெயர். நிறம் அப்படியில்லை. அது அவர்கள் வீட்டில் புழங்கும் சொல், கேட்டதுமே கண் நிறத்தைத் தேடுகிறது. தமிழில் சொல் ஆக்குவதே அது தானாகப் பொருள் சொல்லும் என்பதற்காகத்தானே? அப்படிப் பேசுகிற சொல் தவறாகப் பேசினால், புரியாத லத்தீனை விட அதனால் கெடுதல் அதிகம். (வண்ணப்பிரிகையை நான் தொடவில்லை. அந்த முறையைக் கண்டுபிடித்த ஸ்வெட் முதலில் பிரித்தது இலையின் நிறமிகளை, அங்கே வண்ணம் உண்மையிலேயே இருந்தது.)

இன்னொரு இடர் எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. "நிறைவுற்ற கொழுப்பு அமில எஸ்டரின் நிறைமாலையில் நிறை 74இல் உயரமான கோடு" என்று எழுதினேன். ஒரே வரியில் மூன்று நிறை! அதனால் இரட்டைப் பிணைப்பு இல்லாததைக் குறிக்கும் நிறைவுற்ற என்பதை விட்டுவிட்டு, இலங்கை வழக்கான 'நிரம்பிய', 'நிரம்பாத' இரண்டையும் எடுத்துக்கொண்டேன். வாய்க்கும் இதமாக இருக்கிறது.

ஆனால் இழையில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் சொன்ன மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை. mass, weight இரண்டும் இங்கே நிறை, எடை. அங்கே திணிவு, நிறை. நாம் எடை என்பதை அவர்கள் நிறை என்கிறார்கள். அங்கே படித்த பிள்ளை நிறைமாலையைப் பார்த்தால் எடைமாலை என்றுதான் புரிந்துகொள்வாள், இயற்பியலில் அது சின்னத் தவறில்லை. அவர் சொல்லும் 'திணிவுமாலை' இரு பக்கமும் குழப்பம் தராது என்பதை ஒத்துக்கொள்கிறேன். என் மாணவிகளுக்குத் திணிவு என்றால் என்னவென்று முதலில் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும், அதுதான் தயக்கம்.

பெரும்பாலோர் 'நிறைமாலையே போதும், விடுங்கள்' என்று எழுதிவிட்டீர்கள். நான்காம் பக்கத்தில் இப்போதைக்கு அதைப் போட்டு, அடிக்குறிப்பில் திணிவுமாலையையும் சேர்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்து ஐயா அடிக்குறிப்புக்குச் சம்மதிக்கவில்லை, தலைப்பிலேயே வேண்டும் என்கிறார். வியாழன் இரவு வரை மெய்ப்பு என் கையில்தான் இருக்கும், எழுதுங்கள்.