லாக்ரோஸ்: கடினமான விளையாட்டா, வசதிக்காரர்களின் அடையாளமா?

பால்டிமோர்_அப்பா
மகன் ஒன்பதாம் வகுப்பு. வசந்தகாலத்தில் பள்ளி லாக்ரோஸ் அணித் தேர்வுக்குப் போகிறேன் என்கிறான். நுனியில் வலை கட்டிய குச்சியால் பந்தைப் பிடித்து, எறிந்து, கோல் போடும் ஆட்டம் அது. இதுவரை அவனுக்கு ஓட்டப்பந்தயம் மட்டும்தான். பிள்ளைகளைப் பெரியவர்களாக்கிவிட்ட நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "கூடைப்பந்திலும் பேஸ்பாலிலும் இடம் கிடைக்காத பணக்காரப் பிள்ளைகள் ஆடுவது அது. நம் பையனை பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள்" என்றார். இந்த ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் வலைக்குச்சியோடு பிள்ளைகள் திரிகிறார்கள். நண்பர் சொல்வது சரியா? பிள்ளைகளை ஆடவிட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓட்டக்காரன்
கொஞ்சம் காரமாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் அடிப்படை சரிதான் சார். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஃபுட்பால் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) ஆடும் பையன்கள் சுமார் பத்து லட்சம் பேர். லாக்ரோஸ் ஆடுபவர்கள் ஒரு லட்சத்தைச் சுற்றித்தான். லாங் ஐலண்ட், பால்டிமோர், நியூ இங்கிலாந்து என்று கோட்டைகளும் கொஞ்சம். போட்டி குறைவான இடத்தில் முதலிடம் பிடித்தவனை எப்படிப் பெரிய வீரன் என்பது? ஓட்டத்தில் கடிகாரம் மட்டும்தான் பேசும். 400 மீட்டரை எத்தனை விநாடியில் முடித்தாய், அவ்வளவுதான். எந்த கிளப், எந்தப் பயிற்சியாளரைத் தெரியும் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

சிரக்யூஸ்வாசி
தம்பி, ஜிம் பிரவுனை மறந்துவிட்டீர்களே. ஃபுட்பாலில் இன்றுவரை பேசப்படும் அந்த மனிதர் 1957இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்காக லாக்ரோஸ் ஆடி, நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்களைக் கொண்ட ஆல் அமெரிக்கன் அணியில் இடம்பிடித்தவர். இரண்டு விளையாட்டின் புகழ் மண்டபத்திலும் அவர் பெயர் இருக்கிறது. பக்கத்துக் காலத்துக்கு வந்தால் கிறிஸ் ஹோகன். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் லாக்ரோஸ், அப்புறம் மான்மத் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு ஆண்டு ஃபுட்பால். அந்த உடலையும் காலடியையும் வைத்துக்கொண்டு பேட்ரியட்ஸ் என்ற தொழில்முறை ஃபுட்பால் அணியோடு, அந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றார்.

ஆட்டத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஆண்கள் மைதானம் 110 கெஜ நீளம், ஓர் அணிக்குப் பத்துப் பேர். நடுக்கள வீரன் இந்தக் கோலுக்கும் அந்தக் கோலுக்கும் மாறி மாறிப் பாய வேண்டும். மூச்சு வாங்கினால் ஆட்டம் நிற்காது, அவன் வெளியே ஓட இன்னொருவன் உள்ளே ஓடி வருவான். சுமார் 145 கிராம் ரப்பர் பந்து வலையிலிருந்து நழுவாமல் இருக்க, ஓடிக்கொண்டே மணிக்கட்டைச் சுழற்ற வேண்டும். எதிரே ஆறடி நீளக் குச்சியோடு ஒரு தடுப்பாட்டக்காரன் உங்கள் கையுறையில் அடித்துக்கொண்டே வருவான். நேராக ஓடுவது மட்டுமே தெரிந்த பையன் அங்கே ஐந்து நிமிஷம் தாங்க மாட்டான்.

ஓட்டக்காரன்
ஜிம் பிரவுன் எந்த விளையாட்டுக்குப் போயிருந்தாலும் முதல் ஆளாகத்தான் இருந்திருப்பார் அண்ணா. அவரைக் காட்டி ஒரு விளையாட்டின் தரத்தை நிரூபிக்க முடியாது. அவரும் ஹோகனும் கடைசியில் எங்கே போனார்கள்? ஃபுட்பாலுக்கு.

கடினமில்லை என்று நான் சொல்லவே இல்லை. பள்ளிக்குள் அதற்குக் கிடைக்கும் மரியாதை எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி. ஹார்வர்ட் சேர்க்கை வழக்கில் வெளிவந்த கணக்கைப் பாருங்கள். பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்களில் சுமார் 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது. மற்றவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. லாக்ரோஸ், படகோட்டம், ஸ்குவாஷ் என்று வசதியான வீட்டுப் பிள்ளைகள் குவிகிற ஆட்டங்களுக்கெல்லாம் அந்தக் கதவு திறந்திருக்கிறது. பெற்றோர் துரத்துவது கதவைத்தான்.

கோல்கீப்பர்_அம்மா
கதவை நம்பி யாரும் இறங்காதீர்கள். ஹார்வர்ட் போன்ற எட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஐவி லீகில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. மற்ற முதல் பிரிவுக் கல்லூரிகளிலும் 2025 வரை ஆண்கள் லாக்ரோஸ் அணி ஒன்றுக்கு 12.6 முழு உதவித்தொகைதான் வரம்பு. நாற்பது பேருக்கு மேல் இருக்கும் அணியில் அதைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள். ஃபுட்பாலுக்கு 85. பள்ளிக்கு வெளியே ஆடும் கிளப்பின் கட்டணம், கோடை முழுக்கப் போட்டிகள், ஹோட்டல், பெட்ரோல் என்று வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் கரையும். கட்டியவள் சொல்கிறேன்.

ஆனால் "மற்றதில் இடம் கிடைக்காதவர்கள்" என்ற பேச்சு எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. என் மகள் தினமும் பள்ளி முடிந்ததும் கராஜ் சுவரில் பந்தை எறிந்து பிடிப்பாள். வலக்கை முடிந்ததும் இடக்கை. வலையின் பை ஆழம் கொஞ்சம் மாறினாலும் பந்து வேறு திசையில் போகும் என்று இரவெல்லாம் நூலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தொடையில் பந்து பட்ட இடத்தில் அச்சுக் குத்தியதுபோல் வட்டமாகக் கன்றிப்போய், முதலில் நீலம், அப்புறம் மஞ்சள். அதைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இது பணக்காரப் பொழுதுபோக்கு என்று சொல்லத் துணிய மாட்டார்.

ஜெர்சி_தமிழன்
அம்மா, உங்கள் மகளின் உழைப்பை யாரும் குறைக்கவில்லை. நான் பயப்படுவது அந்தக் கூட்டத்தின் பெயருக்கு. 2006இல் டியூக் பல்கலைக்கழக லாக்ரோஸ் வீரர்கள் மூவர் மீது பாலியல் குற்றம் சாட்டினார்கள். பயிற்சியாளர் பதவி விலகினார், அந்தப் பருவமே ரத்தானது. 2007இல் வட கரோலைனா அட்டர்னி ஜெனரல் மூவரும் நிரபராதிகள் என்று அறிவித்தார். வழக்கு நடத்திய அரசு வழக்கறிஞர் தன் உரிமத்தையே இழந்தார். ஆனால் விசாரணை முடியும் முன்பே அத்தனை பேர் ஏன் நம்பினார்கள்? லாக்ரோஸ் பையன் என்றாலே திமிர் பிடித்த பணக்காரப் பிள்ளை என்ற படம் ஏற்கெனவே மனதில் இருந்தது. நம் பிள்ளை அந்தச் சட்டையைப் போட்டால் அந்தப் படமும் சேர்ந்தே வரும். இல்லாத திமிரும் சில சமயம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

சிரக்யூஸ்வாசி
அந்தப் படம் அட்லாண்டிக்கைத் தாண்டினால் செல்லாது. ஸ்காட்லாந்தின் செயின்ட் லெனார்ட்ஸ் பள்ளியில் 1890இல் பெண்கள் ஆடத் தொடங்கியதிலிருந்து பிரிட்டனில் லாக்ரோஸ் என்றாலே பெண்கள் உறைவிடப் பள்ளி ஆட்டம்தான் பலருக்கு நினைவு வரும்.

நான் இருக்கும் ஊருக்குத் தெற்கே ஓனண்டாகா என்னும் பழங்குடி மக்களின் நிலம். ஓனண்டாகாவும் அடங்கிய பழங்குடிக் கூட்டமைப்பான ஹோடனஷோனி மக்கள் இதைப் படைத்தவன் தந்த ஆட்டம், நோய் தீர்க்கும் ஆட்டம் என்று சொல்கிறார்கள். ஹிக்கரி மரத்தை நீராவியில் வளைத்துக் காயவைத்துச் செதுக்கும் குச்சி அவர்களுடையது. 2014இல் கல்லூரி லாக்ரோஸின் உயரிய விருதான டிவாராட்டனை லைல் தாம்சனும் அவர் அண்ணன் மைல்ஸும் பகிர்ந்துகொண்டார்கள். பழங்குடியினர் யாருக்கும் அதற்கு முன் அது கிடைத்ததில்லை. பால்டிமோரிலேயே, கறுப்பின மாணவர்களுக்கான மார்கன் ஸ்டேட் பல்கலைக்கழகம் 1975இல் முன்னணியில் இருந்த வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழக அணியைத் தோற்கடித்தது. இவர்கள் யாரும் பணக்கார வேலிக்குள் பிறந்தவர்கள் இல்லை.

ஓட்டக்காரன்
அண்ணா, இதைத்தான் நான் ஏற்க மாட்டேன். ஓனண்டாகாவின் பெருமையை எடுத்துத் தனியார் பள்ளிகளின் மேல் பூசுகிறீர்கள். 2010இல் மான்செஸ்டரில் உலகப் போட்டி நடந்தபோது, தங்கள் சொந்தக் கடவுச்சீட்டோடு வரவிருந்த ஹோடனஷோனி அணியை பிரிட்டன் உள்ளே விடவில்லை. ஆட்டத்தைத் தந்தவர்களே ஆட முடியாமல் போனது. 2023 அக்டோபரில் மும்பையில் நடந்த ஒலிம்பிக் கூட்டத்தில் கிரிக்கெட்டோடு லாக்ரோஸுக்கும் 2028 லாஸ் ஏஞ்சலிஸில் இடம் கொடுத்தார்கள். அங்கேயும் அவர்கள் தங்கள் கொடியோடு வருவதற்காகக் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. மார்கன் ஸ்டேட்டும் 1980களின் தொடக்கத்தோடு அந்த அணியை நிறுத்திவிட்டது. ஆட்டம் எல்லோருக்கும் உரியது என்றால் பணமும் இடமும் ஏன் ஒரே பக்கம் போய்ச் சேர்கிறது?

சிரக்யூஸ்வாசி
அந்த அநியாயத்தில் உங்களோடுதான் நிற்கிறேன். அதற்கு மருந்து நம் பிள்ளைகள் ஒதுங்கி நிற்பது என்றால் அதை ஏற்க மாட்டேன். ஒதுங்கினால் அந்த வேலிதான் இன்னும் உயரும். அரசுப் பள்ளி அணியில் ஆட எந்த கிளப்பும் தேவையில்லை.

பால்டிமோர்_அப்பா
எல்லாவற்றையும் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். 1975 ஆட்டத்தைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான். ஒரு சந்தேகம். ஓட்டத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை. இரண்டும் வசந்தகாலத்தில்தானே வருகிறது?

ஓட்டக்காரன்
குளிர்காலத்தில் உள்ளரங்க ஓட்டம் இருக்கிறது, சார். நவம்பரில் சேர்த்துவிடுங்கள், பிப்ரவரிக்குள் முடிந்துவிடும். லாக்ரோஸ் பயிற்சியாளர்களும் அந்தக் கால்களைத்தான் தேடுவார்கள், அதை நான் மறுக்க மாட்டேன். கிளப் பற்றி இந்த ஆண்டு பேச்சே எடுக்காதீர்கள்.

கோல்கீப்பர்_அம்மா
ஹெல்மெட்டையும் குச்சியையும் தவிர எதையும் புதிதாக வாங்க வேண்டாம். கையுறையும் தோள் கவசமும் மூத்த மாணவர்கள் வீட்டில் சும்மா கிடக்கும், பயிற்சியாளரிடம் கேட்டால் கை காட்டுவார். குச்சி ஒன்று இப்போதே வாங்கிக் கொடுங்கள். சுவரில் எறியட்டும், இடக்கையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.