ஆடி ஊர்வலத்துக்குச் செண்டையா, நம்ம ஊர் மேளமா?

குகைக்காரன்:
சேலத்துல தெருக் கமிட்டிகள் பலதும் ஆடி ஊர்வலத்துக்குக் கேரளச் செண்டை மேளம் பிடிக்கிறாங்க. உள்ளூர்க் கலைஞர் வயித்துல அடிக்கிறோம்னு சில பேருக்குக் கோபம். என்னைக் கேட்டா செண்டை சரிதான். 15 பேர் ஒரே சீரா அடிச்சா தெருக்கோடி வரைக்கும் கேக்குது, சின்னப் பசங்களும் கலையாம நிக்கிறாங்க. சாமி வேஷம் கட்டி அலங்கார வண்டியில வர்ற வண்டி வேடிக்கைக் கூட்டத்துல ஒத்தை நாயனம் (நாதஸ்வரம்) யார் காதுல விழும்?

சீவாளி:
விழாததுக்குக் காரணம் நாயனம் இல்லீங்க, நாம அதை நிறுத்துற இடம். ஜெனரேட்டர் வண்டிக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவுல விட்டா எந்த வாத்தியமும் எடுபடாது. சாமிக்கு நேர் முன்னாடி விட்டு, ஜெனரேட்டரைக் கடைசிக்குத் தள்ளுங்க. நடந்து வாசிக்கிறப்ப மைக்கே வேண்டாம். மேடைன்னா அணைசு (நாயனத்தோட அடியில விரிஞ்சிருக்கிற பகுதி) வாயில மைக்கைச் செருகாதீங்க. சத்தம் பெரும்பாலும் திறந்திருக்கிற விரல் துளைகள் வழியாத்தான் வெளிய வருது. அணைசுல வச்சா கீழ் ஸ்வரம் மட்டும் இடிக்கும், மத்தது மங்கிப் போகும். 3 அடி தள்ளி, துளைகளைப் பார்த்த மாதிரி ஒண்ணு வச்சா போதும்.

அடுத்தது ஆள் கணக்கு. ஒத்தை நாயனத்தை 3 மணி நேரம் ஊதச் சொன்னா உதடு தளரும், சுருதி இறங்கும். 2 நாயனம், 2 தவில், 1 தாளம்: இதுக்குக் கீழ பிடிக்காதீங்க. ஒருத்தர் வாசிக்கிறப்ப இன்னொருத்தர் மூச்சு வாங்கிக்குவார். முக்கால் மணிக்கு ஒரு தரம் நாயனத்தை நிறுத்திட்டு 10 நிமிஷம் தவிலைத் தனியா விடுங்க. கூட்டம் தானா கூடும்.

குகைக்காரன்:
5 பேர் வந்தாலும் கடைசியில சினிமாப் பாட்டுதானே வாசிக்கிறாங்க, அண்ணா?

சீவாளி:
கமிட்டி கேக்குறதைத்தானே வாசிப்பாங்க, தம்பி. முன்பணம் குடுக்கிறப்பவே வரிசையை எழுதிக் குடுத்துடுங்க. சாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டை ராகத்துல மல்லாரி (புறப்பாட்டுக்குன்னே வாசிக்கிற நாயன இசை), வீதியில ராகமும் கீர்த்தனையும், திரும்பி வர்றப்ப சினிமா. மல்லாரி இல்லாத புறப்பாடு எனக்கு மனசு ஒப்பாது.

மலைமேல்:
ஏற்காட்டுக்குக் கல்யாண மேளம் கூப்பிடுறவங்களுக்கு ஒரு விஷயம். கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், சாயங்காலம் மூடுபனி. தவில் தோல் ஈரத்தை இழுத்துத் தொய்ஞ்சிடும், வலந்தலை (தவிலோட வலது பக்கம்) கணீர்னு பேசாது. அதுக்காக நெருப்புப் பக்கம் கொண்டு போகாதீங்க. சட்டுனு காய்ஞ்சா தோல் வெடிச்சுடும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த களைப்பு வேற. முகூர்த்தத்துக்கு 2 மணி நேரம் முன்னாடியே வரவழைச்சு, கதவு சாத்தின அறை ஒண்ணு குடுங்க. தவில் போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமா முறுக்கித் தோல் இழுவையைச் சரி பண்ணிக்குவாங்க.

நாயனத்துல நூல் கட்டி நாலஞ்சு சீவாளி (வாயில வச்சு ஊதுற நாணல் துண்டு) தொங்குறதை அழகுக்குன்னு நினைக்கிறாங்க. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பதம். வாயில நனைச்சு, ஊசியால சீவாளியோட வாயைத் திறந்து, ‘பீப்’னு ஊதிப் பார்த்து, சரியில்லேன்னா அடுத்ததை மாட்டுவாங்க. குளிர்ல சுருதி இறங்கும், ஊதி ஊதிச் சூடேறினாத்தான் நிலைக்கு வரும். அந்த நேரத்துல “இன்னும் ஆரம்பிக்கலையா”ன்னு விரட்டாதீங்க.

பம்பை:
எல்லாரும் பம்பை உடுக்கையை மறந்துட்டீங்க. சக்தி அழைப்பு, கரகம் எல்லாம் அதுலதான் நடக்கும், செண்டை அடிச்சு அம்மனை அழைக்க முடியாது. தெருச் சத்தம்தான் கவலைன்னா பம்பை செட்டைக் கரகத்தோட விடுங்க, நாயனத்தைச் சாமியோட விடுங்க, நடுவுல 100 அடி இருக்கட்டும். ஒண்ணு மேல ஒண்ணு மோதாது. பொன்னாடை போர்த்துற கமிட்டிகள் இன்னொண்ணும் செய்யலாம்: நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்துல பதியாதவங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் குடுங்க. நிகழ்ச்சி நோட்டீஸ்ல செட்டுத் தலைவர் பேரை மட்டும் போடாம 5 பேர் பேரையும் அச்சடிங்க. வாசிச்சதுக்கு அது அத்தாட்சி.

குகைக்காரன்:
பம்பை விஷயம் சரிங்க, ஒத்துக்கிறேன். ஆனா செண்டைக்காரரும் கலைஞர்தான், அவங்களை வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ரெண்டுக்கும் பணம் எங்க?

சீவாளி:
அவங்களைக் குறை சொல்லலை. ஆனா அவங்களுக்கு வண்டி ஏறும் முன்னாடியே பணம் போகுது, நம்ம ஊர் செட்டுக்கு மட்டும் “வசூல் முடியட்டும்”னு சொல்றோம். மூணுல ஒரு பங்கு முன்பணம், மிச்சம் சாமி நிலைக்கு வந்த அன்னைக்கு ராத்திரியே. செண்டையை 15 பேர்ல இருந்து 8 பேராக் குறைச்சா இதுக்குப் பணம் வந்துடும்.