டிக்கோயா ஏ.எல். பயோ குரூப்

தர்ஷி, இரவு 8.12
ஏ.என்.ஏ. (நம்ம கலக்கருவையே தாக்குற பிறபொருளெதிரி) ரத்த டெஸ்ட் 1:80 பொசிட்டிவ்னா லூபஸ்தான் (உடம்பு தன்னையே தாக்குற நோய்)னு ஒரு ஃபோர்வர்ட் ஓடுது. சரியா சிவா அண்ணே?

சிவா அண்ணன் லேப், 8.15
இல்ல தங்கச்சி. சீரம் ஒரு பங்குக்கு பஃபர் 79 பங்கு. அவ்வளவு கரைச்ச பிறகும் லேப்ல வளர்க்கிற ஹெப்-2 மனிதக் கலத்தோட கரு பச்சையா மினுங்குனா 1:80 பொசிட்டிவ். நோயில்லாத 100 பேர்ல 13 பேருக்கு இது வரும். 1:40ல 30 பேருக்கு மேல, 1:160ல 5 பேர்.

சிவா அண்ணன் லேப், 8.16
மூட்டு வீக்கம், வெயில் பட்டா தடிப்பு, சிறுநீர்ல புரதம், இப்படி ஒன்னுமே இல்லாம இந்த டெஸ்ட் எடுக்கவே வேணாம். திரும்பத் திரும்ப எடுக்கிறதும் வீண் காசு. ஸ்லைட் பார்க்கிற ஆள் மாறினாலே 80, 160 ஆகிரும்.

தர்ஷி, 8.19
தன்னையே தாக்குற கலம் எல்லாத்தையும் நெஞ்சுல இருக்கிற தைமஸ் சுரப்பி அழிச்சிரும்னு நோட்ஸ்ல இருக்கே மிஸ்?

மலர் மிஸ், 8.24
"எல்லாத்தையும்"ங்கிறதை வெட்டுங்க பிள்ளைகளா. பிறபொருளெதிரி செய்ற பி கலம் தைமஸ் பக்கமே போறதில்ல, ஏ.என்.ஏ. அதோட வேலை. டி கலத்துக்குத்தான் தைமஸ். அங்க எயர் ஜீன் இன்சுலின் மாதிரி மத்த உறுப்புப் புரதங்களையும் காட்டவைக்கும். அதுல இறுக்கி ஒட்டுற டி கலம் செத்துரும், லேசா ஒட்டுறது தப்பிரும். 2015ல பார்த்தாங்க: வை குரோமோசோம் புரதம் ஒன்னைத் தாக்குற டி கலம் ஆண்கள்ல அறவே இருக்கக்கூடாது. ஆனா பெண்கள்ல இருக்கிறதுல மூனுல ஒரு பங்கு ஆண்கள்லயும் இருந்துச்சு!

கவின், 8.26
ஏன் மிஸ் விட்டு வைக்குது?

மலர் மிஸ், 8.31
கிருமியோட புரதத்துண்டு நம்மளோடதுக்குச் சாயலா இருக்கும். ஒட்டுறதை எல்லாம் அழிச்சா, அந்தக் கிருமிக்கு ஆளில்லாமப் போயிரும்னு ஒரு விளக்கம்.
தைமஸ்ல தப்பினதை வெளியில அடக்குறது டீரெக், அதாவது மத்த கலங்களைக் கட்டுப்படுத்துற டி கலம். சிடி4 (உதவி டி) கலங்கள்ல 5–10% இதுதான். சிடி25ங்கிற ஏற்பியால, டி கலம் பெருகத் தேவையான ஐஎல்-2வை உறிஞ்சி மத்த கலங்களைப் பட்டினி போடும். சிடிஎல்ஏ-4ங்கிற புரதத்தால, டி கலத்தை உசுப்புற கலங்கள்ல இருக்கிற பி7 புரதத்தைப் பிடுங்கும். பி7 இல்லாட்டி டி கலம் வேலை தொடங்கத் தேவையான இரண்டாவது சைகை இல்ல, டி கலம் முடங்கிரும்.

சிவா அண்ணன் லேப், 8.33
கேன்சருக்கு இபிலிமுமாப் மருந்து போட்டா குடல் அழற்சி வர்றது அதனாலதான், அது சிடிஎல்ஏ-4ஐ அடைச்சிரும்.

மலர் மிஸ், 8.36
ஆமா. ஃபொக்ஸ்பி3 ஜீன் பழுதானா டீரெக்கே உருவாகாது. கைக்குழந்தையிலேயே சீனி வியாதி, ஓயாத வயித்தோட்டம், எக்சிமா. அந்த நோய்தான் ஐபெக்ஸ். சகாகுச்சி, பிரங்கோ, ராம்ஸ்டெல் மூனு பேருக்கும் 2025 நோபல் இந்த வேலைக்குத்தான்.

தர்ஷி, 8.38
அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோம்லதானே? அப்ப அதைப் பிள்ளைக்குக் கடத்துற அம்மாவுக்கு வராதா?

மலர் மிஸ், 8.41
நல்ல கேள்வி! வராது. அம்மாவோட ஒவ்வொரு கலத்திலயும் ஒரு எக்ஸ்தான் வேலை செய்யும். நல்ல எக்ஸ் ஓடுற கலம் மட்டும் டீரெக்கா நிலைக்கும், அதுவே போதும்.